பேஸ் இருக்கா பாரு

கம்பியில் கை வைப்பதற்கு முன்னால் என் மச்சான் கேட்பார். எந்த வீடாக இருந்தாலும், வீட்டுக்காரன் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், கேட்காமல் வைக்க மாட்டார். கம்பிகள் சேர்கிற பெட்டிக்கு முன்னால் அவர் நிற்பார். அடுத்த அறையில் பிளக் பாயின்ட் பக்கத்தில் டெஸ்டரோடு நான் நிற்பேன். "பேஸ் இருக்கா பாரு" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். டெஸ்டரைச் சொருகிப் பார்ப்பேன். எரிந்தால் இருக்கு, எரியாவிட்டால் இல்லை. இல்லை என்று நான் சொன்ன பிறகுதான் கம்பியின் தோலை உரிப்பார். லைன் வேலையில் கரண்ட் வருகிற கம்பிக்குப் பேஸ் என்று பேர். அந்தப் பேர் தெரியாதவன் ஸ்க்ரூடிரைவரைத் தொடக்கூடாது என்பார் மச்சான்.

நான் லைன்காரன் இல்லை. காடி வெட்டுகிறவன். சுவரில் பைப் போவதற்குப் பள்ளம் எடுக்கிற வேலை. என் மூக்குக்குள் போன சிமென்ட்டைச் சேர்த்து வைத்திருந்தால் வாசலுக்கு ஒரு படி கட்டியிருக்கலாம் என்பாள் தங்கச்சி. மச்சான் காதில் பென்சில் சொருகியிருப்பார். எங்கே வெட்ட வேண்டும் என்று சுவரில் எழுதிக் காட்டுவார். இங்கே பெட்டி, இங்கே வளைவு, இதற்குமேல் வேண்டாம். மீசை நரைத்த பிறகு நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியது அந்தச் சுவர்களில்தான். பூசி மறைத்துவிடுவார்கள் என்பதால் தப்பாகப் படித்தாலும் வெட்கமில்லை.

மச்சான் முதலில் என்கூட வேலை பார்த்தவர், பிறகு என் தங்கச்சியைக் கட்டினார். அப்போது குடிப்பார். தங்கச்சி அழவுமில்லை, சண்டை போடவுமில்லை. ஒருநாள் அவர் வேலைக்குக் கிளம்பும்போது, "குடிச்ச கையோட கம்பியைத் தொடப் போறீங்க. திரும்ப உங்களைத் தூக்கிட்டு வர யாரை அனுப்பணும்னு இப்பவே சொல்லிட்டுப் போங்க, அப்புறம் நான் அலைய வேண்டாம்" என்றாள். மச்சான் அந்த வாரத்தோடு விட்டார். அதன் பிறகு தொட்டதில்லை. கூடவே திரிந்தவன் நான், எனக்குத் தெரியும்.

நாங்கள் இருவரும் ஒரு ஹோம் தியேட்டர் கடைக்கு வேலை செய்தோம். வழக்கமாக நான் காடி வெட்டுவேன், மச்சான் லைன் இழுப்பார், நாங்கள் போன பிறகு பூச்சு நடக்கும், பெயின்ட் நடக்கும், எல்லாம் காய்ந்த பிறகுதான் செட்டு மாட்டுகிற ஆள் வருவான். அவன் பேர் என்னவோ, எல்லாரும் சவுண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது, அதனால் வைத்த பேர். நாங்கள் முடிக்கிற வீட்டில் அவன் ஆரம்பிப்பான். அதனால் அவன் வேலையை நாங்கள் பார்த்ததில்லை, எங்கள் வேலையை அவன் பார்த்ததில்லை. கடை வாசலில் டீ குடிக்கும்போது பார்த்துச் சிரித்துக்கொள்வதோடு சரி.

அந்த மாடி வீட்டில்தான் எல்லாரும் ஒன்றாக மாட்டினோம். வீட்டுக்காரருக்கு அவசரம். செட்டு வந்து இறங்கிவிட்டது. சோபா வந்துவிட்டது. சுவர் வேலை பாக்கி.

சவுண்டு செய்ததைப் பார்த்து அன்றைக்கு எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வூஃபர் பெட்டியைத் தூக்கிப் புதுச் சோபாமேல் வைத்தான். ஆள் உட்கார வேண்டிய இடத்தில் பெட்டி உட்கார்ந்திருந்தது. செட்டோடு சேர்க்காமல் தன் போனிலிருந்தே அதில் ஏதோ ஒன்றை ஓடவிட்டான். பெட்டி 'தம் தம்' என்றது. சவுண்டு முட்டி போட்டு, சுவர் ஓரமாகத் தரையோடு காதை வைத்துத் தவழ ஆரம்பித்தான்.

"என்னப்பா, பல்லி பிடிக்கிறியா?" என்றார் வீட்டுக்காரர்.

"குழந்தை தவழுது சார். கண்ணு படாம யாராவது தூக்குங்க" என்றார் மச்சான்.

சவுண்டு தலையை நிமிர்த்தாமலே சொன்னான். "நீங்க உக்கார்ற எடத்துல பெட்டிய வெச்சா, பெட்டி வெக்க வேண்டிய எடத்துல நல்லாக் கேக்கும் சார். எங்க நல்லாக் கேக்குதோ அங்க பெட்டி. இங்க பெட்டி போயிட்டா அங்க நீங்க. கணக்கு ஒண்ணுதான்."

"அப்ப நான் உக்கார்றதுக்கு நல்ல இடம் பாக்க எவன் தவழ்வான்?" என்றார் மச்சான். "என்னை வீட்ல உக்காரவே விடறதில்ல."

சவுண்டுக்குச் சிரிப்பு வந்து காதைத் தரையிலிருந்து எடுத்துவிட்டான். மறுபடி முதலிலிருந்து தவழ வேண்டியதாயிற்று. மச்சானுக்கு அவனைப் பிடித்திருந்தது. அடிக்கடி போய் நின்று, "எப்படிடா தம்பி வருது?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பின்சுவரின் இடது மூலையில் சவுண்டு உட்கார்ந்துவிட்டான். இங்கதான், என்று தரையைத் தட்டினான். அந்த மூலையில் பிளக் பாயின்ட் இல்லை. தற்காலிகமாக எதிர்ச்சுவரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து அதில் பெட்டியைப் போட்டான். வீட்டுக்காரர் ஒயரைக் காலால் தள்ளிப் பார்த்தார். "இது தரையில தெரியக்கூடாதுப்பா. மூலையிலேயே ஒரு பாயின்ட் குடுத்துடுங்க. இன்னிக்கே."

அந்தப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டோர் ரூம். அங்கே கம்பிகள் சேர்கிற பெட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்து ஹாலின் பின்சுவரில் ஏற்கனவே இருந்த பழைய பாயின்ட்டுக்குக் கம்பி போயிற்று. அங்கிருந்தே மூலைக்கும் எடுத்துவிடலாம் என்றார் மச்சான். சுவரில் பென்சிலால் கோடு போட்டார். நான் காடி வெட்டினேன். இடிந்த சிமென்ட்டைச் சாக்கில் அள்ளிக் கீழே கொட்டப் போனேன்.

மச்சான் போர்டில் அந்த வரிசைக்கான சுவிட்சை இறக்கிவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போயிருக்கிறார். எங்களிடம் இருந்தது ஒரே டெஸ்டர். அதை வழக்கம்போலப் பழைய பாயின்ட்டுக்குப் பக்கத்தில் எனக்காக வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த வீட்டுக்கு முன்பு லைன் இழுத்தவன் யாரோ, ஸ்டோர் ரூம் பெட்டிக்குள் வேறொரு சுவிட்சின் கம்பியைக் கொண்டுவந்து பழைய பாயின்ட்டோடு சேர்த்திருந்தான். அது பிறகுதான் தெரிந்தது.

நான் காலிச் சாக்கோடு படியேறிக்கொண்டிருந்தேன். மச்சான் குரல் கேட்டது.

"பேஸ் இருக்கா பாரு."

நான் திரும்பிவிட்டேன் என்று நினைத்துக் கேட்டாரா, ஹாலில் யார் இருந்தாலும் பார்த்துச் சொல்லட்டும் என்று கேட்டாரா, தெரியாது. ஹாலில் இருந்தவன் சவுண்டு மட்டும்தான். அவன் பதில் சொன்னான். எப்போதும் வாய்க்குள் பேசுகிறவன், அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டுமே என்று சத்தமாகச் சொன்னான்.

"பேஸ் இல்லண்ணே. சுத்தமா இல்ல."

வீடே அமைதியாக இருந்தது. காலையிலிருந்து தம் தம் என்று அடித்துக்கொண்டிருந்த பெட்டிகூட மூச்சு விடவில்லை. எனக்குப் பதிலாக அவன் டெஸ்டரைப் பிடித்திருக்கிறான் போலிருக்கிறது, நல்ல பையன், என்று நினைத்தபடி இன்னொரு படி ஏறினேன். ஸ்டோர் ரூமில் ஏணி சாய்கிற சத்தம் கேட்டது.

அதற்கு மேல் அந்த அறையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

*

மச்சான் செத்ததைப் பற்றிப் போலீஸில் விசாரித்தார்கள். எழுதிக்கொண்டவர் பேனாவும் வெள்ளைச் சட்டையுமாக இருந்தார். பேஸ் என்று சொன்னால் அவர் முழிப்பார் என்று நானே மாற்றிச் சொன்னேன். "கரண்ட் இல்லன்னு இவன் சொன்னான் சார். என் காதால கேட்டேன். அதை நம்பித்தான் அவர் கை வெச்சார்."

சவுண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நான் கரண்ட்டைப் பத்தி ஒரு வார்த்தையும் பேசல சார். எனக்குக் கரண்ட் வேலையே தெரியாது. எங்க அம்மா மேல சத்தியம்."

பொய் சொல்கிறவன் கண்ணை எங்கேயாவது திருப்புவான். இவன் நேராகப் பார்த்துச் சொன்னான். அந்த நேர்ப்பார்வைதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குக் கை நடுங்க வேண்டாமா?

வீட்டுக்காரர் அந்த நேரம் பால்கனியில் போன் பேசிக்கொண்டிருந்தாராம். ஒன்றும் கேட்கவில்லை என்றார். ஆஸ்பத்திரியில் மின்சாரம் தாக்கி என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். முதலாளி கடையில் எல்லார் முன்னாலும் சொன்னார். "பழைய பழக்கம் லேசுல விடுமா? காலையில ஒரு ரவுண்டு போட்டுட்டு வந்திருப்பான். தெளிவா இருக்கிற லைன்காரன் எவனாவது பாக்காம கை வெப்பானா?" அவரைச் சொல்லிக் குற்றமில்லை. செத்தவன் குடித்திருந்தால் கடைமேல் பழி வராது.

கடையில் சொன்னது தெருவுக்கு வந்தது. தெருவில் சொன்னது வீட்டுக்குள் வந்தது. மச்சானின் அம்மாவும் தங்கச்சியும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். மகன் குடித்த காலத்தையெல்லாம் கண்ணால் பார்த்த தாய். நம்பிவிட்டாள். அடக்கம் முடிந்த நாளிலிருந்து மகன் பேரை அவள் வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டி வந்தால் 'அந்த ஆளு' என்றாள். அழவுமில்லை. "குடிச்சுச் செத்தவனுக்கு நான் எதுக்கு அழணும்? அவனே தேடிக்கிட்டான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

தங்கச்சி அதைத்தான் தாங்க முடியாமல் இருந்தாள். மச்சான் போனதைக்கூட அவள் எப்படியோ விழுங்கிக்கொண்டாள். அவளுக்குக் கொடுத்த வார்த்தையை அவர் மீறவில்லை என்பதை அந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் நம்பவில்லை.

"அவர் கேட்டிருப்பாரு" என்பாள். "கேக்காம கை வெக்க மாட்டாரு."

"கேட்டார்தான். நான்தான் கேட்டேனே. அத்தைகிட்ட நான் சொல்றேன்."

"நீ சொல்லி என்ன ஆகும்? நீ என் அண்ணன். தங்கச்சி புருஷனை விட்டுக் குடுப்பியா? அத்தை அதைத்தான் சொல்றாங்க. பதில் சொன்னவன் வந்து சொல்லணும்."

"அவன் சொல்ல மாட்டான். சத்தியம் பண்றான்."

அவள் வீட்டிலேயே சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொடுக்கிற வேலை பார்த்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "அவன் சொல்லணும்" என்றாள் மறுபடியும்.

*

வீட்டுக்காரர் கடைக்குப் போன்மேல் போன். மூலைப் பாயின்ட் பாதியில் நிற்கிறது, செட்டு பெப்பரப்பே என்று கிடக்கிறது, துக்கம் எல்லாருக்கும் உண்டு, அதற்காக எத்தனை காலம் என்று. முதலாளி என்னையும் சவுண்டையும் போகச் சொன்னார். மச்சானோடு இருந்து இருந்து ஒரு பாயின்ட் இழுக்கிற அளவுக்கு எனக்கு வேலை தெரியும் என்பது அவருக்குத் தெரியும். நான் போக மாட்டேன் என்றேன். தங்கச்சிதான் போகச் சொன்னாள்.

"போ. சண்டை போடாத. அவன் பக்கத்துல இருந்து வேலை செய். மனுஷன்தானே, எங்கயாவது வாய் தவறும்."

போனேன். டெஸ்டரை என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை யாரையும் கேட்பதாக இல்லை.

படியில் சவுண்டு எனக்கு முன்னால் ஏறினான். நடுவில் நின்று, "அண்ணே, பை கனமா இருந்தா குடுங்க" என்றான். நான் அவனைத் தாண்டி ஏறினேன். ஆள் இளைத்திருந்தான். தாடியைச் சிரைக்கவில்லை. எல்லாம் நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டோர் ரூமைக் கழுவி, பழைய சாமான்களை அடுக்கி வைத்திருந்தார்கள். சுவரில் பெட்டிக்கு மேலே மச்சானின் பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. 'இங்கிருந்து மூலைக்கு.' எழுத்துக்கூட்டாமலே படிக்க முடிந்தது.

மெயினையே அணைத்தேன். என் டெஸ்டரால் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தேன். பிறகு மூலைக்குக் கம்பி இழுத்து, சேர்த்து, டேப் சுற்றி, பெட்டியைத் திறந்தபடி வைத்துவிட்டு மெயினைப் போட்டேன். சவுண்டு வூஃபரின் ஒயரைப் புதுப் பாயின்ட்டில் சொருகினான். அவன் அவனுடைய வேலையை ஆரம்பித்தான். நான் ஸ்டோர் ரூமுக்குத் திரும்பி, பெட்டியை மூடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். உள்ளே சின்ன விளக்கு செவேலென்று எரிந்தது. கம்பியில் பேஸ் இருந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் சவுண்டின் குரல். "சார், பேஸ் இருக்கா?"

வீட்டுக்காரர் பதில் சொன்னார். "இல்லப்பா. பேஸ் இல்ல."

என் கையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் காப்பி டம்ளரைத் தவிர ஒன்றும் இல்லை. பேஸ் இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"சுத்தமா இல்லையா சார்?"

"சுத்தமா இல்ல. மத்ததெல்லாம் வருது."

"இருங்க சார். ஒயர் சரி, கரண்ட் வருது, பெட்டியில லைட்டும் எரியுது..." கொஞ்ச நேரம் ரிமோட்டை அழுத்துகிற சத்தம். "அட. இது அன்னிக்கே இப்படித்தான் இருந்திருக்கு. செட்டிங்ல வூஃபர் இல்லைன்னு கிடக்கு சார். வூஃபர்னு ஒண்ணு இருக்கிறதே செட்டுக்குத் தெரியல. இப்ப பாருங்க."

சுவர் அதிர்ந்தது. என் முதுகில் பட்டது. ஸ்டோர் ரூம் அலமாரியில் ஏதோ ஒரு டப்பாவின் மூடி கிணுகிணுத்தது.

"இப்ப பேஸ் இருக்கா சார்?"

"ஆங், இருக்கு. அட, சட்டையே ஆடுதுப்பா."

டெஸ்டரைக் கையில் பிடித்தபடியே ஹாலுக்கு வந்தேன். சவுண்டு வூஃபருக்குப் பின்னால் குந்தியிருந்தான்.

"என்ன இருக்கான்னு கேட்டே?" என்றேன்.

நான் அவனோடு பேசியதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். சட்டென்று எழுந்தான். "பேஸ்ண்ணே."

"பேஸ்னா?"

"அடிச்சத்தம்ண்ணே. நெஞ்சுல வந்து தட்டுது பாருங்க, அது. இந்தப் பெட்டி வாங்கறதே அதுக்குத்தானே. பின்னால ஒரு சின்ன சுவிட்ச் இருக்கு, அதுக்கும் பேஸ்னுதான் சொல்லுவோம், அது வேற. பேஸைத் திருப்பினா பேஸ் வரும்னு சொல்லிச் சிரிப்போம், கத்துக்கிட்ட புதுசுல எனக்கே..."

"அன்னிக்கு நீ என்ன சொன்னே?"

அவன் முகம் வாடிற்று. "அண்ணே, நான் கரண்ட்டைப் பத்தி..."

"கரண்ட்டை விடு. மச்சான் உன்கிட்ட என்ன கேட்டார்? அவர் கேட்ட மாதிரியே சொல்லு."

"பேஸ் இருக்கா பாருன்னாரு. காலையிலேர்ந்தே எப்படிடா வருதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாருல்ல. அதைத்தான் கேக்குறாருன்னு... அப்பத்தான் பெட்டிய மூலையில வெச்சு, செட்டோட சேத்து அத மட்டும் ஓட்டிப் பாத்தேன், வரல... அதனால பேஸ் இல்லண்ணேன்னு..."

நான் குனிந்து டெஸ்டரைப் பழைய பாயின்ட்டில் சொருகினேன். எரிந்தது.

"எங்க வேலையில இதுக்குப் பேரு பேஸ்" என்றேன்.

சவுண்டு அந்த விளக்கைப் பார்த்தான். அப்புறம் பின்சுவரைப் பார்த்தான். அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்று கேட்டுக்கொண்டிருப்பதுபோலப் பார்த்தான். அப்படியே, காலையில் துடைத்து வைத்த தரையில் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு முட்டி போட்டுத் தவழ்ந்த அதே இடம்.

எனக்கு அவனை அடிக்க வேண்டும் என்று இருந்த ஆசை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அது இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. நான் 'கரண்ட்' என்று சொல்லாமல் அவன் சொன்ன சொல்லையே சொல்லியிருந்தால் விசாரணை அன்றைக்கே இவன் இப்படி உட்கார்ந்திருப்பான்.

வீட்டுக்காரர் சத்தத்தைக் குறைத்தார். "என்னப்பா, ஏதாவது கோளாறா?"

"இல்ல சார்" என்றேன். "எல்லாம் சரியா இருக்கு."

*

நேராகத் தங்கச்சி வீட்டுக்கு நடந்தோம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பாதி வழியில் சவுண்டு கேட்டான். "அண்ணே, நான் வந்துதான் ஆகணுமா?"

"வரணும்."

"முதலாளி..."

"அவருக்கு நீ அப்புறம் சொல்லு, சொல்லாமப் போ. இங்க வரணும்."

ஒரு கார் எங்களைத் தாண்டிப் போயிற்று. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது, பாட்டுக் கேட்கவில்லை, அடி மட்டும் தெருவில் தம் தம் என்று வந்தது. சவுண்டு சுவர் ஓரமாக ஒதுங்கி, அது போகும்வரை நின்றான்.

தங்கச்சி வாசலுக்கு நேரே உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் மாமியார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது தெரிந்தது. நான் பின்னால் யாரைக் கூட்டி வந்திருக்கிறேன் என்று பார்த்ததும் ஊசியைச் சட்டையில் குத்தி நிறுத்தினாள். உட்கார் என்று சொல்லவில்லை.

நான் நடந்ததைச் சொன்னேன். இவன் வேலையில் ஒரு பேஸ், எங்கள் வேலையில் ஒரு பேஸ். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் லைன்காரன் பெண்டாட்டி, ஒருமுறை சொன்னால் போதும்.

"அவர் கேட்டாரா?" என்றாள்.

"கேட்டாருக்கா."

"என்ன கேட்டாரு?"

"பேஸ் இருக்கா பாருன்னு."

"குரல் எப்படி இருந்துச்சு? குழறுச்சா?"

"இல்லக்கா. தெளிவா இருந்துச்சு. காலையிலேர்ந்து அண்ணன் எங்களையெல்லாம் சிரிக்க வெச்சுக்கிட்டிருந்தாரு. அவர்கிட்ட ஒண்ணும்... அப்படியெல்லாம் இல்லக்கா."

"நீ என்ன சொன்னே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு வாய்க்குள் சொன்னான்.

"அன்னிக்கு இப்படியா சொன்னே?"

"இல்லக்கா. சத்தமா."

"அன்னிக்கு எப்படிச் சொன்னியோ அப்படிச் சொல்லு. சுவருக்கு அந்தப் பக்கம் கேக்கணும்."

நான் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கச்சி கையை மட்டும் தூக்கினாள். மடியிலிருந்து ஒரு பொத்தான் உருண்டு விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

சவுண்டு கண்ணை மூடிக்கொண்டான். தொண்டையைத் திறந்து, சுவருக்கு அந்தப் பக்கம் கூப்பிடுகிறவனைப்போலச் சொன்னான்.

"பேஸ் இல்லண்ணே. சுத்தமா இல்ல."

அந்தச் சின்ன வீட்டில் அது ரொம்பச் சத்தமாக இருந்தது. பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"இவ்வளவு தெளிவா சொல்லியிருக்கே" என்றாள் தங்கச்சி. "நானா இருந்தாலும் கை வெச்சிருப்பேன்."

பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பாமலே குரலை உயர்த்தினாள். "அத்தை, கேட்டுச்சா?"

உள்ளே கட்டில் முனகிற்று.

"கேட்டுச்சு."

"உங்க பிள்ளை கேட்டுட்டுத்தான் கை வெச்சாரு. குடிச்சவன் கேக்க மாட்டான் அத்தை. உங்களுக்கே தெரியும், குடிச்ச காலத்துல அவர் யாரை எதைக் கேட்டாரு?"

உள்ளே அவள் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது.

சவுண்டு, "அக்கா, என்னை ஏதாவது சொல்லிடுங்க" என்றான். "திட்டிடுங்க."

"திட்டறதுக்கு எனக்கு ஒரு வார்த்தை கெடைக்கலப்பா. தேடிப் பாத்தேன். கெடச்சா சொல்லி அனுப்பறேன்." ஊசியைச் சட்டையிலிருந்து உருவினாள். நழுவியிருந்த நூல் ஊசிக்காதில் நுழையவில்லை. மறுபடி முயன்றாள், நுழையவில்லை. "இனிமே இந்தப் பக்கம் வராத. அன்னிக்கு உன்னைத் தம்பின்னு கூப்பிட்டாராமே. பாத்தா எனக்கு அதுதான் ஞாபகம் வருது."

அவன் செருப்பை மாட்டப் போனபோதுதான் உள்ளேயிருந்து அந்தக் குரல் வந்தது. மச்சானின் அம்மா மகன் பேரைச் சொன்னாள். திட்டுவதுபோலவும் இல்லை, அழுவதுபோலவும் இல்லை. சோறு ஆறுகிறது, எங்கே போய்த் தொலைந்தாய் என்று கூப்பிடுகிற தாய் மாதிரி, முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருமுறை கூப்பிட்டு, பதிலுக்கு நிறுத்தி, மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது முறை கூப்பிடும்போது பேர் பாதியில் உடைந்தது. அடக்கத்தன்று வராத அழுகை அப்போது வந்தது. அடியிலிருந்து, நெஞ்சுக்கும் கீழேயிருந்து, சத்தம் குறைவாக, சுவரையெல்லாம் தொட்டுக்கொண்டு.

தங்கச்சி எழுந்து உள்ளே போனாள். நான் வாசலில் சவுண்டுக்கு வழிவிட்டு நின்றேன். அவன் போகவில்லை. ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையாகவும், தலையைச் சற்றே சாய்த்து, காதைக் கொடுத்தபடி நின்றான்.